என் பாதத்துக்கு வாய்த்த பூட்ஸ்

இயேசு, மரி, சூசை நம் இரண்டு வீட்டுக் கூரையையும் காப்பார்களாக.

ப்ரேமன் பட்டணத்துச் சமவெளியில் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் என் அன்புத் தங்கை ஒட்டிலிக்கு, டிரோல் மலைமேலிருந்து அக்காள் நோட்புர்கா எழுதுவது. இங்கே நானும் பேத்தி வேவியும் மாடுகளும் சுகம். புள்ளிப்பசு கன்று ஈன்றிருக்கிறது, கிடாரி. உன் வீட்டுக்காரரின் முதுகுவலியைக் கேட்டதாகச் சொல்லவும். அவருக்காகக் கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் அணைந்துவிட்டது, ஆனாலும் ஏற்றியது ஏற்றியதுதான்.

நிற்க. நேற்றுக் கூத்து ஞாயிறன்று நம் ஊர்ச் சரிவில் நடந்ததை யாராவது இதற்குள் உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது வளைவில் நோட்புர்கா பனியில் உட்கார்ந்து அழுதாள் என்று சொல்லியிருப்பார்கள். உட்கார்ந்தது உண்மை. அழவில்லை, கண்ணில் பனித்தூள் பட்டது. நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள், ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத அதுவே தாராளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

எல்லாம் அந்தச் சிவப்பு பூட்ஸ் உடைந்ததில் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் போட்டுக்கொண்டு சறுக்கியது, அவர் போனபிறகு நான் போட்டுக்கொண்டது, இந்த உலகத்தில் என் பாதம் நுழைகிற ஒரே பனிச்சறுக்கு பூட்ஸ். நம் வீட்டுப் பாதத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, உனக்கும் அதே இரண்டுதான். முன்பக்கம் ரொட்டிப் பலகை போல விரிந்து, மேல்பக்கம் குன்று போல எழும்பி, கட்டைவிரல் ஓரத்தில் ஒரு எலும்பு நான் யார் தெரியுமா என்று எட்டிப்பார்க்கும். புதுப்பனியில் ஊரே இடுப்புவரை புதைந்து நின்ற வருஷம் நம் அப்பா கணுக்கால்வரை மட்டும் புதைந்து, சாகக் கிடந்த மில்காரருக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கச் சாமியாரை முதுகில் சுமந்துகொண்டு போனார் என்றால் அது இந்தப் பாதத்தால்தான். மில்காரர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பாதத்தை வைத்துக்கொண்டு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்? பாதத்துக்குத் தகுந்த பூட்ஸ் செய்யத் தெரியாத கம்பெனிக்காரன்தான் வெட்கப்பட வேண்டும்.

அந்தச் சிவப்பு பூட்ஸ், பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கலாம் என்று கம்பியில் மேலேறும் தொங்கு நாற்காலியில் உட்கார்ந்து மேலே போய் இறங்கி, முதல் திருப்பத்தில் கொஞ்சம் அழுத்தினேன், கிறிஸ்துமஸ் பிஸ்கட்டாகப் பொடிந்துபோனது. பழைய பிளாஸ்டிக் வெளியே பளபளப்பாக இருந்துகொண்டே உள்ளுக்குள் செத்துப்போயிருக்குமாம், யார் கண்டது. பூட்ஸின் அடிப்பாகம் மட்டும் சறுக்குப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்ததால் பலகைகள் ஆள் மேலே நிற்பதாகவே நினைத்து, நிதானமாக, பக்கத்துப் பக்கத்தில், ஒரு குறையும் இல்லாமல் கீழே போய்ச் சேர்ந்தன. நான் சரிவின் நடுவில் கம்பளிக் காலுறையோடு நின்றேன். கீழே உணவுக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். எனக்கா பலகைகளுக்கா என்று தெரியவில்லை.

உனக்கு நம் பந்தயம் மறந்திருக்காது, ஆனால் உன் வீட்டுக்காரருக்குப் புரியாது, வடக்கத்திக்காரர், அதனால் அவருக்காகச் சொல்கிறேன். தவக்காலம் தொடங்குமுன் வருகிற கூத்து ஞாயிறன்று ஒரு பாட்டியும் ஒரு பேரப்பிள்ளையுமாக ஜோடி சேர்ந்து இறங்க வேண்டும். வேகமாக வருகிறவர்களுக்குப் பரிசு கிடையாது. எல்லா ஜோடிகளின் நேரத்தையும் கூட்டி, ஜோடிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தச் சராசரிக்கு எந்த ஜோடி நெருக்கமோ அதற்குத்தான் பரிசு. வேகத்துக்குப் பரிசு என்று வைத்தால் வருஷாவருஷம் ஒரே வீட்டுக்குப் போகும், மற்ற வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டு விடுதிக்குப் பீர் குடிக்க வரமாட்டார்கள். பரிசு முழுசாக ஒரு புகைபோட்ட பன்றித்தொடை. அதோடு விடுதிச் சுவரில் தொங்கும் பலகையில் பேர் எழுதுவார்கள். வேவியும் நானும் அவள் நண்டும் சிண்டுமாக இருந்த காலத்திலிருந்து ஒன்றாக இறங்குகிறோம். ஒரு தடவைகூட எங்கள் பேர் அந்தச் சுவர்ப்பலகையில் ஏறவில்லை. நம் வீட்டில் யாருக்கும் சராசரியாக இருக்க வராது.

இப்போது வேவி கசாப்புக்கடையில் தொழில் பழகுகிறாள், என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், வாயும் கூடவே வளர்ந்திருக்கிறது. பூட்ஸ் உடைந்த செய்தியைக் கேட்டதும் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன். ரொட்டியை மென்றுகொண்டே சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமைக்குள்ள உனக்கு பூட்ஸ் கெடைக்கலேன்னா நான் கிரெசென்ஸைக் கூட்டிக்கிட்டு எறங்கிடுவேன் பாட்டி. இந்த வருஷம் நான் ஜெயிச்சே ஆகணும்."

"அவ யாருக்குடி பாட்டி?"

"விதியில அறுவது தாண்டின ஒரு பொம்பளைன்னுதான் போட்டிருக்கு. யாரு பெத்த யாரைப் பெத்தவன்னு கேக்கல."

விடுதிக்குப் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த விதியைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். அப்படித்தான் இருந்தது. கிரெசென்ஸை உனக்குத் தெரியும், தபால் பையை மாட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சறுக்கிக்கொண்டு போனவள், கல்யாணமே செய்துகொள்ளாதவள். அவள் பாதம் கரண்டிக்காம்பு. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் பெட்டியில் இருப்பதே பொருந்திவிடும், அதை ஒரு சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் பேத்திக்கு நான் உயிரோடு இருக்கும்போதே இரவல் பாட்டி. 

கேபிள்கார் நிலையத்துக்கு எதிரே மைன்ராட்டின் சறுக்குச் சாமான் கடைக்குப் போனேன். மைன்ராட் நல்லவன், ஆனால் பேச ஆரம்பித்தால் வாய் மூடாது. என் பாதத்தை அளவுப் பலகைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஆடிப்போய், இது எங்கே இருந்தது இத்தனை நாள் என்று கேட்டான். என் காலில்தான் என்றேன். பெண்களுக்கான பூட்ஸில் என் நீளம் கிடையாதாம். ஆண்களுக்கானதில் நீளமும் அகலமும் உண்டாம், ஆனால் மேலே குறுகலாம், என் கெண்டைக்கால் அதில் நுழையாதாம். கடைசியில் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்துவந்தான். அவன் கீழே உட்கார்ந்து இழுக்க, நான் எழுந்து நின்று மிதிக்க, எப்படியோ வலது பாதம் உள்ளே போய்விட்டது. சந்தோஷப்பட்டோம். பிறகுதான் அது வெளியே வராது என்று தெரிந்தது.

கடையில் நின்ற ஒரு டச்சுக்காரர் தானாக முன்வந்து பிடித்து இழுத்தார். பிடி நழுவிப் பின்பக்கமாகப் போய்க் பனிக்கண்ணாடி அடுக்கின்மேல் விழுந்து, எழுந்து, மன்னிப்புக் கேட்டு, இரண்டு கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார். கடைசிப் பேருந்து போய்விடும் என்று நான் அப்படியே கிளம்பிவிட்டேன், ஒரு காலில் ஆம்பளை பூட்ஸ், ஒரு காலில் என் சொந்தக் காலணி. அப்படியே மாடு கறந்தேன். புள்ளிப்பசு திரும்பிப் பார்த்துவிட்டுப் பாலை மேலே இழுத்துக்கொண்டது. மறுநாள் பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு, அதே காலோடு பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கப் போகும்போது கல்தரையில் டொக், சரக், டொக், சரக் என்று என் நடை பீடம்வரை கேட்டது. சாமியார், பாவம், ஹங்கேரி எல்லைப் பக்கத்துச் சமவெளிக்காரர், மலை ஜனங்களின் வழக்கம் எதுவாக இருந்தாலும் மதிக்க வேண்டும் என்று நினைக்கிறவர், ஒன்றும் கேட்காமல் நான் வந்து சேரும்வரை காத்திருந்து கொடுத்தார். கிரெசென்ஸ் முன்வரிசையில் தோள் குலுங்க ஜெபம் செய்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மைன்ராட் சூடான காற்றை ஊதிக் காலை வெளியே எடுத்தான். கைவிடமாட்டேன் பெரியம்மா என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். பூட்ஸின் வெளிக்கூட்டை அடுப்பில் வைத்து வாட்டி, இரும்புக் கருவியால் பக்கவாட்டில் நெம்பி, என் எலும்புக்கு ஒரு தனி அறையே கட்டிக்கொடுத்தான். பிறகு வியாழக்கிழமை உள்ளுறைக்கு நுரை ஊற்ற வரச் சொன்னான். பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், குழாய் வழியாக நுரையை உள்ளே விடுவார்கள், அது பாதத்தைச் சுற்றிப் பரவி இறுகும், அப்புறம் அந்த பூட்ஸ் உலகத்தில் அந்த ஒரு பாதத்துக்கு மட்டும்தான். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. நம் பாதத்துக்கு அப்படி ஒரு மரியாதை வேண்டியதுதான்.

"முட்டியை மடக்கி அசையாம நில்லுங்க பெரியம்மா. நொரை எறுகுற வரைக்கும் விரலைக்கூட ஆட்டக் கூடாது. நல்லதா ஏதாச்சும் நெனச்சுக்கோங்க."

நான் கிடாரிக்கன்றை நினைத்துக்கொண்டேன். நுரை வெதுவெதுப்பாக ஏறியது. விரல்கள் எல்லாம் தூங்கும் குழந்தைகளாக நீட்டிப் படுத்திருந்தன. அப்போது கடைக் கதவு திறந்தது. வேவியும் கிரெசென்ஸும் கைகோத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள், பலகைக்கு மெழுகு வாங்க. இரண்டு பேர் தலையிலும் ஒரே நிறத்துத் தொப்பி. கிரெசென்ஸ் என் பக்கத்தில் வந்து, நோயாளியைப் பார்க்க வந்தவள் குரலில் சொன்னாள்:

"நோட்புர்கா, நீ ஒண்ணும் கவலப்படாத. பொண்ணைப் பத்திரமா எறக்கிவிட வேண்டியது என் பொறுப்பு. பயிற்சியில என்னைப் பாட்டின்னே கூப்பிடறா, கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா."

நான் முழங்காலை மடக்கி அசையாமல் நின்றேன். மைன்ராட் சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. பூட்ஸுக்குள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாமல், என் கால்விரல் பத்தும் முஷ்டி பிடித்துக்கொண்டன. நுரை அதைச் சுற்றி இறுகிவிட்டது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் உயிர் போகிற வலி. விரலை நீட்டவே இடமில்லை. மைன்ராட்டைக் கூப்பிட்டால், நுரை தீர்ந்துவிட்டது, பந்தயத்துக்குப் பிறகுதான் வரும் என்றான். வெள்ளிக்கிழமை சமையலறையில் பூட்ஸோடு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, இதோடு நம் கதை முடிந்தது, பலகையில் கிரெசென்ஸின் பேர்தான் ஏறப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேவி வேலை முடிந்து உள்ளே வந்தாள். கழுத்தில் பச்சைக் கம்பளித்துண்டு. ஏது என்று கேட்டேன். கிரெசென்ஸ் பாட்டி பின்னிக்கொடுத்தாங்க என்றாள். அந்த நிமிஷம் வலி போய்விட்டது. பொய் சொல்லவில்லை ஒட்டிலி, வீட்டுச் செருப்புக்கூட என் காலில் அப்படி உட்கார்ந்ததில்லை. சமையலறையைச் சுற்றி நடந்தேன், குதித்துப் பார்த்தேன். வேவி பயந்துபோய், மன்னிச்சுக்கோ பாட்டி, இதைக் கழட்டிப்போடறேன் என்றாள். உடனே வலி வந்துவிட்டது. அவள் என் முகத்தையும் காலையும் மாறிமாறிப் பார்த்தாள். மாட்டின் எந்த மூட்டு எங்கே மடங்கும் என்று தினம் பார்க்கிறவள்.

"பாட்டி, கோவம் வந்தா நீ கால்வெரலை மடக்குவியா?"

"எனக்கு ஏதுடி கோவம்? நான் கோவப்பட்டு யார் பாத்தா?"

"உன் கன்னுக்குட்டிக்குப் பின்னங்கால் கோணல்."

பூட்ஸ் பஞ்சாகிவிட்டது.

அன்று சாயங்காலமே உடன்பாடு ஆயிற்று. நான்தான் பாட்டி, என்னோடுதான் இறங்குவாள், பின்னாலேயே வந்து கோடு தாண்டும்வரை என்னை விடாமல் திட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் நான் திட்டறதுக்கெல்லாம் நீ கோவிச்சுக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டாள். கோபித்துக்கொள்ளத்தானே திட்டுகிறாய் என்று கேட்டேன். ஆமாம், ஆனா அப்புறம் வெச்சுக்கக் கூடாது என்றாள். ஒப்புக்கொண்டேன். கிரெசென்ஸிடம் போய் உன் சேவை வேண்டாம் என்று வேவி சொன்னபோது அவள் முகம் சுருங்கிவிட்டதாம். எனக்கும் பரிதாபமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு. ஆனால் அவள் சும்மா இருக்கிறவளா, நேரே சாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாள். உலகத்தில் எல்லோருமே யாருக்காவது பேரப்பிள்ளைதானே, விதியில் பேரப்பிள்ளைக்கு வயது போடவில்லையே, நீங்கள் என்னோடு இறங்கினால் என்ன என்று கேட்டிருக்கிறாள். போன வருஷம்தான் சறுக்கக் கற்றுக்கொண்ட மனிதர், மறுத்தால் ஊர் வழக்கத்தை அவமதித்ததாகுமோ என்று சரி சொல்லிவிட்டார்.

ஞாயிறன்று நல்ல வெயில். வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். எங்கள் முறை வந்ததும் வேவி என் காதருகே ஆரம்பித்தாள், வெடிச்சத்தம் கேட்டது, இறங்கினோம். முதல் வளைவு வரைக்கும் என் சமையல். நான் செய்கிற உருண்டைச் சூப்பைக் குடித்துத்தான் தாத்தாவுக்குக் காது மந்தமானது என்றாள். பூட்ஸ் அருமை. இரண்டாம் வளைவு வரைக்கும் கோவிலில் நான் பாடுகிற பாட்டு. நான் வாயைத் திறந்தால் பலிபீடத்து அர்ச்சிஷ்டவர் சிலைகள்கூட முகம் திருப்பிக்கொள்கின்றன என்றாள். பறந்தேன் ஒட்டிலி. வேலி ஓரம் நின்ற ஒரு வெளியூர் அம்மாள் பொறுக்காமல், வயசான மனுஷியை இப்படியா பேசறது என்று வேவியை அதட்டினாள். மருத்துவக் காரணம்மா என்று கத்திக்கொண்டே வேவி தாண்டி வந்தாள். நம் நேரம் வேகமும் இல்லை, மந்தமும் இல்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக நம் வீட்டார் சராசரியாக வந்துகொண்டிருந்தோம்.

மூன்றாவது வளைவில் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. திட்டுடி என்றேன். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"ஒண்ணும் வரமாட்டேங்குது பாட்டி. தீந்துபோச்சு."

"ஏதாச்சும் சொல்லு."

"அந்தம்மாகூடப் பயிற்சிக்குப் போனேன்ல. ஒவ்வொரு வளைவுலயும் திரும்பித் திரும்பிப் பாத்தேன், நீ பின்னால வர்றியான்னு."

விரல்கள் பத்தும் ஒவ்வொன்றாக விரிந்தன. விரிந்து, நுரைச் சுவரில் முட்டின. நான் பனியில் உட்கார்ந்துவிட்டேன். அடிப்பாவி, இதைக் கோட்டைத் தாண்டின பிறகு சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவள் பதறிப்போய், கிழவி, கழுதை, பொய்க்காரி என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் என் பக்கத்தில் மண்டியிட்டு, கையுறையால் என் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னால் எந்தப் பாதம் நம்பும்? எழுந்தால் வலி, கழற்றினால் மறுபடி வெறுங்கால். கடைசியில் நான் என் பலகைகளின் வால்மேல் உட்கார்ந்துகொண்டேன், அவள் எனக்கு முன்னால் திரும்பி நின்று, என் முழங்காலைப் பிடித்துப் பின்பக்கமாகச் சறுக்கியே, பால்கேனை இறக்குவது போல என்னைக் கீழே இறக்கினாள். நாங்கள் வந்தபோது வாத்தியக்காரர்கள் உறை போட்டுவிட்டிருந்தார்கள், ஜனங்கள் சூப்பு குடித்து முடித்திருந்தார்கள், கடிகாரக்காரர் மட்டும் கடமைக்கு நின்றுகொண்டிருந்தார்.

இப்போது கணக்கைக் கவனி. எங்கள் நேரத்தையும் சேர்த்துக் கூட்டி வகுத்ததில் சராசரி எங்கேயோ போய்விட்டது. ஒழுங்காக இறங்கின ஜோடிகள் எல்லாம் அதற்கு ரொம்ப முன்னால் நின்றார்கள். வழியில் தீவனக் கொட்டகைக்குள் புகுந்து, வைக்கோலில் மூக்குக்கண்ணாடியைத் தேடி, சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி கிளம்பி, எங்களுக்கு முந்தின ஜோடியாக ஆடி அசைந்து வந்து சேர்ந்தவர்கள்தான் சராசரிக்கு நெருக்கம். சாமியாரும் கிரெசென்ஸும். பன்றித்தொடையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்கள். தன் வேகத்தால் இல்லை, எங்கள் தாமதத்தால் ஜெயித்தாள். பேர் வாசித்தபோது என் விரல்கள் மடங்கின, பூட்ஸ் அமிர்தமாக இருந்தது, பேருந்துக்குக்கூடக் காத்திருக்காமல் வீடுவரைக்கும் மலையேறி நடந்தே வந்தேன். வேவி பின்னால் ஓடிவர வேண்டியிருந்தது.

ஆகவே ஒட்டிலி, என் முடிவைக் கேட்டுக்கொள். இனி இந்த ஜன்மத்தில் பந்தயத்தில் இறங்கமாட்டேன். பூட்ஸ் இரண்டிலும் மண் போட்டு ஜன்னலோரம் செவ்வந்தி வைக்கப்போகிறேன். கிரெசென்ஸுக்கு நீ வருஷாவருஷம் அனுப்புகிற ஈஸ்டர் வாழ்த்து அட்டையை இந்த வருஷம் அனுப்பாதே, அனுப்பினால் நீ எனக்குத் தங்கை இல்லை. உன் வீட்டுக்காரர் முதுகைக் கம்பளியால் சுற்றி வைக்கட்டும். நம் வீட்டுக்குக் காவலான அர்ச்சிஷ்டவர்கள் எல்லோரும் உங்கள் வாசலிலும் கொஞ்ச நேரம் நிற்கட்டும், மழையில் நனைந்தாலும் பரவாயில்லை. வேவி உன் கன்னத்தில் இரண்டு முத்தம் கொடுக்கச் சொன்னாள், காகிதத்தில் எப்படிக் கொடுப்பதென்று தெரியாததால் எழுதி வைக்கிறேன்.

என்றும் உன் அக்காள்,
நோட்புர்கா

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதைச் சேர்க்கிறேன். இப்போதுதான் கிரெசென்ஸ் வந்துவிட்டுப் போகிறாள். பன்றித்தொடையில் பாதியை வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாம்பல் புதன் வந்தால் இறைச்சி தொடக் கூடாது, தனி ஆளாக நாளைக்குள் எப்படித் தின்று தீர்ப்பது என்றாள். மூவருமாக உட்கார்ந்து ஒரு வெட்டு வெட்டினோம். வேவியை அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாக, ரெண்டு நாளு யாரோ என்னைப் பாட்டின்னு கூப்பிட்டாங்க நோட்புர்கா, அது போதும் எனக்கு என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூப்பிடலாம் என்று வேவிக்கு அனுமதி கொடுத்துவிட்டேன். கிரெசென்ஸுக்கு ஈஸ்டர் அட்டை அனுப்பு, பெரிதாகவே அனுப்பு. செவ்வந்திக்கு வேறு சட்டி பார்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்த வருஷம் உன்னைத் தவிர யாரோடும் இறங்கமாட்டேன் என்று வேவி சத்தியம் செய்திருக்கிறாள். சிக்கல் என்னவென்றால், இப்போது பூட்ஸைப் போட்டுப் பார்த்தேன், கால் பாதிகூட நுழையவில்லை. வேவி திட்டினால் சிரிப்பு வருகிறது. கிரெசென்ஸை நினைத்தாலும் கோபம் வரமாட்டேன் என்கிறது. இனி உன்னை விட்டால் எனக்கு நாதியில்லை. நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து உன் ஒவ்வொரு கடிதமும் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருக்கிறது, அந்தக் கைவரிசை இன்னும் உன்னிடம் இருக்கும். அடுத்த கூத்து ஞாயிறுக்குள் ஒன்று எழுதி அனுப்பு, வேவி பின்னாலிருந்து வாசித்துக்கொண்டே வருவாள். சுருக்கமாக எழுதிவிடாதே. சரிவு நீளம்.